உங்கள் கேரக்டருக்கு இனிஷியல் என்ன?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 26 வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். 2020 ஊரடங்கில் பெங்களூரிலிருந்து வந்து இங்கேயே மாட்டிக்கொண்ட அண்ணன் மகன்தான், ஒரு கற்பனை ஆளாக நடித்துக் கதை நகர்த்தும் ரோல்பிளேயிங் ஆட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தான். அவன் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான். ஆட்டம் எங்கள் மொட்டை மாடியிலேயே தங்கிவிட்டது. ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு ஆறு பேர் வருவார்கள். கேரக்டருக்குப் பின்கதையும் குடும்பமும் எழுதுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

எட்டாவது படிக்கும் என் மகன் நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "அப்பா, எனக்கு ஒரு அத்தை வேணும், அவங்களை எந்த ஊர்ல கட்டிக்கொடுக்கலாம்?" என்று கேட்டான். விசாரித்தால் "டி அண்ட் டி" என்கிறான். இது என்ன ஆட்டம் மேடம்? படிப்பு கெட்டுவிடாதா?
– ஒரு தந்தை, லாஸ்பேட்டை

சார், முதலில் அந்த அத்தைக்கு நல்ல இடமாகப் பார்த்துச் சொல்லுங்கள். பிள்ளை உங்களைக் கதைக்குள் கூப்பிடுகிறான்.

அவன் சொல்வது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளியிட்டார்கள். முதலில் அச்சடித்தது ஆயிரம் பெட்டிகள்தான். இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் அதுதான் தாய்ப் பத்திரம். ஒருவர் டன்ஜன் மாஸ்டர். உலகத்தையும் அதில் வரும் மற்ற ஆட்களையும் அவர் பார்த்துக்கொள்வார். மற்ற ஒவ்வொருவரும் ஒரே ஒரு ஆளாக நடிப்பார்கள். அந்த ஆள்தான் கேரக்டர், அவர் செய்யும் தொழில்தான் க்ளாஸ். நிச்சயமில்லாத காரியம் வந்தால் 20 முகப் பகடையை உருட்டி, அந்த ஆளின் பலத்தையோ பலவீனத்தையோ அதோடு கூட்டிப் பார்ப்பார்கள். ஜெயிப்பவர் தோற்பவர் கிடையாது. எல்லாரும் சேர்ந்து ஒரு கதையைக் கொண்டுபோகிறார்கள்.

செலவு பெரிதில்லை. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள், காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பகடை ஒரு செட்டும் பென்சிலும் போதும். எங்கள் மாடிக்கு வரும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், வகுப்பில் எழுந்து நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிள்ளை. போன மாதம் ஒரு குள்ளர் அரசனிடம் பத்து நிமிஷம் நின்று வாதாடி மூன்று கைதிகளை மீட்டான். அவன் அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா, நான் கல்லூரி மூன்றாம் ஆண்டு. முதல் தடவை ஆடப்போகிறேன். ரேஞ்சர் க்ளாஸ், காடறிந்தவள், வில் வைத்திருப்பாள், பேர் நிழல்விழி. ஊரை டிராகன் எரித்துவிட்டது, அப்பா அம்மா அக்கா தம்பி எல்லாரும் இறந்துவிட்டார்கள், பழிவாங்கக் கிளம்பினாள் என்று எழுதிக் கொடுத்தேன். டன்ஜன் மாஸ்டர் படித்துவிட்டு, "இவளோட சேர்த்து நம்ம மேசையில நாலு அனாதை" என்றார். வேறு எப்படி எழுதுவது?
– ஒரு மாணவி, முத்தியால்பேட்டை

முதல் தடவை எல்லாரும் இதைத்தான் எழுதுகிறார்கள் கண்ணு. ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஆள் இருந்தால் வெளியே விடமாட்டார்கள் என்பது நமக்கெல்லாம் ரத்தத்தில் ஊறியது. எல்லாரையும் சாகடித்துவிட்டால் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பலாம். ஆனால் நிழல்விழி அம்மாவிடம் எப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்பினாள் என்பது உன் கையிலிருந்த மிக நல்ல காட்சி. அதைத்தான் டிராகன் எரித்துவிட்டது.

என் தொழிலில் பாகப்பிரிவினைப் பத்திரம் என்று ஒன்று உண்டு. அப்பா காலமான பிறகு அண்ணன் தம்பி அக்கா தங்கைகள் சொத்தைப் பிரித்துக்கொள்வது. "நம்மில் 1 லக்கமிட்டவர்", "நம்மில் 2 லக்கமிட்டவர்" என்று வரிசையாக எழுதுவோம். யாருக்கு எந்த வயல், யாருக்கு வீட்டில் எந்தப் பக்கம் எல்லாம் வரும். ஒரு குடும்பத்தை அறிய அதைவிட நல்ல தாள் நான் பார்த்ததில்லை. அதிலும், பிரித்தது போக "பொதுவில்" விட்டிருப்பார்களே, அதைப் படிக்க வேண்டும். கிணற்றில் நாலில் ஒரு பங்கு, இறைவை முறை, வயலுக்குப் போக மாமூல் தட பாத்தியம். நாலு பேரும் முகம் பார்க்காமல் இருந்தாலும் தண்ணீர் முறைக்கு ஒரே கிணற்றடிக்குத்தான் வர வேண்டும்.

அதனால் என் மேசைக்கு வருகிறவர்களிடம் "உன் கேரக்டருக்கு என்ன நடந்தது" என்று நான் கேட்பதில்லை. "உனக்கு எதில் பங்கு இருக்கிறது, யாரோடு?" என்றுதான் கேட்பேன்.

நிழல்விழியை வைத்தே பார்ப்போம். டிராகன் வரட்டும், ஆளைக் கொல்ல வேண்டாம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் என்ன ஆனது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேள். தலைமுறை தலைமுறையாகக் காய்த்த பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. விடிந்தபோது ஆட்கள் இருந்தார்கள், தோப்பு இல்லை. கன்று வைத்து, அது மரமாகிக் காய்க்கும்வரை அந்த வீடுகள் எதைத் தின்று காத்திருக்கும்? ஒரு ஆள் வெளியே போய்ச் சம்பாதிக்கத்தான் வேண்டும். நிழல்விழியின் வீட்டில் டிராகன் எரித்தது தோப்பை. வெளியே கிளம்பிய ஆள் அவள்.

இப்போது அவளுக்குச் செக்குபந்தி எழுது. பத்திரத்தில் ஒரு மனையைச் சொல்ல அதன் நாலு எல்லையையும் சொல்வோம், கிழக்கில் இன்னார் வீடு, மேற்கில் இன்னார் தோட்டம், "இதற்கு மத்தியில்" உள்ள இடம் என்று. ஆளுக்கும் அப்படித்தான். கிழக்கில் அம்மா, எரிந்த மண்ணில் கன்று ஊன்றிக்கொண்டிருக்கிறாள். மேற்கில் சித்தப்பா, அவர் பாகத்துத் தோப்பில் ஒரு இலைகூடக் கருகவில்லை, ஏன் என்று அவர் சொல்வதுமில்லை. வடக்கில் விதை வியாபாரி, 40 பொற்காசு கடன், கையெழுத்து போட்டது அப்பா. தெற்கில் தம்பி, ஒன்பது வயது. மரங்கள் இலை விடுவதற்குள் வந்துவிடுவேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இதற்கு மத்தியில் இருப்பவள்தான் உன் ரேஞ்சர்.

அக்காவை மறந்துவிடாதே. அவள் கல்யாணமாகிப் போனபோது தன் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று வை. பெண்ணுக்கும் சம பங்கு என்று 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. இத்தனைக்குப் பிறகும் "அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துட்டேன்" என்று கையெழுத்து போட வரும் பெண்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். அந்தப் பேனாவைப் பிடிக்கும்போது அவர்கள் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நிழல்விழியின் அக்கா எந்த ஊரில் இருக்கிறாள், அந்தக் கையெழுத்துக்காக இவள் மேல் கோபமா பாசமா என்று நீயே முடிவு செய். ஒரு வருஷம் கழித்து உங்கள் குழு அந்த ஊருக்குள் நுழையும்போது உன் டன்ஜன் மாஸ்டருக்கு அது தங்கம்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் கேரக்டர் ஷீட்டில் குணம், கொள்கை, பிணைப்பு, குறை என்று நாலு கட்டம் இருக்கும். பாண்ட் என்ற பிணைப்புக் கட்டத்தில் "குடும்பத்தின் மீது பாசம்" என்று எழுதாதே, எல்லாருக்கும்தான் பாசம். "சித்தப்பாவோடு பொதுவில் உள்ள கிணற்றில் நாலில் ஒரு பங்கு" என்று எழுது. ஃப்ளா என்ற குறைக் கட்டத்தில், "விலை பேசும் யாரைப் பார்த்தாலும் விதை வியாபாரி நினைவு வந்து வார்த்தை தடித்துவிடும்" என்று எழுது. பகடையைத் தொடுவதற்கு முன்பே அவள் எப்படி நடப்பாள் என்று உனக்குத் தெரிந்துவிடும்.

அம்மா, சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. எங்கள் மேசையில் பழைய முறைதான்: மூன்று பகடை, விழுந்த வரிசையிலேயே எழுத வேண்டும், மாற்றக் கூடாது. நான் ஃபைட்டராக ஆசைப்பட்டேன். ஸ்ட்ரெங்த் 7 விழுந்துவிட்டது. ஆளையே கிழித்துப் போட்டுவிடலாமா என்று இருக்கிறது.
– ஒரு இளைஞர், கடலூர் முதுநகர்

கிழிக்காதே தம்பி. கணக்கைப் பார். ஸ்ட்ரெங்த் என்ற பலம், டெக்ஸ்டெரிட்டி என்ற லாவகம் என்று ஒவ்வொரு ஆளுக்கும் ஆறு குணம் எண்ணாக இருக்கும். சாதாரண ஆறு முகப் பகடை மூன்றை உருட்டினால் 216 விதமாக விழலாம். அதில் 7 அல்லது அதற்குக் கீழே வருவது 35 விதம். ஆறு குணத்துக்கும் வரிசையாக உருட்டினால் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பேருக்கு எங்காவது ஒரு 7 அல்லது அதற்கும் குறைவாக விழுந்தே தீரும். 18 விழுவது 216-ல் ஒன்று. இன்றைக்குப் பல மேசைகளில் நாலு பகடை உருட்டிச் சின்னதைத் தள்ளுகிறார்கள், சராசரி 12-க்குக் கொஞ்சம் மேலே வரும். அல்லது 15, 14, 13, 12, 10, 8 என்று தயாராக உள்ள எண்களைப் பிரித்து எழுதிக்கொள்கிறார்கள். உங்கள் முறை கடினமானது. எனக்கு அது பிடிக்கும்.

ஐந்தாம் பதிப்பில் 7 என்றால் மைனஸ் 2. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு புள்ளியும் நூற்றுக்கு ஐந்து, அதனால் பத்து சதவீதம் பின்தங்குகிறாய், அவ்வளவுதான். அதில் வில்லுக்கு டெக்ஸ்டெரிட்டிதான் கணக்கு, ரேபியர் மாதிரி மெல்லிய வாளுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். சங்கிலிக் கவசத்துக்கு மட்டும் ஆசைப்படாதே; அதற்கு ஸ்ட்ரெங்த் 13 வேண்டும், இல்லாவிட்டால் நடை பத்தடி குறையும்.

இப்போது வீட்டுக்கு வா. பலமில்லாத பிள்ளை ஏன் வாள் பிடித்தான்? ஆறு வயதில் விஷக் காய்ச்சல், ஒரு வருஷம் எழுந்து நடக்கவில்லை. அண்ணன் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து குருவிடம் கொண்டுபோய் விடுவான், மழைக்காலத்தில் தண்ணீர் அண்ணன் நெஞ்சுக்கு ஏறும். தோளில் உட்கார்ந்தபடி தம்பி கையில் ஒரு மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு மிதந்து வரும் கட்டைகளை ஒதுக்கிவிடுவான். அவன் வாள் வித்தை அங்கே தொடங்கியது. அண்ணன் இப்போது எங்கே? அதை நீ எழுது. பாறையைத் தள்ள வேண்டிய இடம் வரும்போது, பக்கத்தில் நிற்கும் முரட்டு வீரன் பார்பேரியனைப் பார்த்துத் தன்னை மறந்து "அண்ணே, ஒரு கை கொடு" என்பான். அந்த ஒரு வார்த்தைக்கு உன் மேசையே திரும்பிப் பார்க்கும். 15 விழுந்திருந்தால் இந்த அண்ணன் உனக்குக் கிடைத்திருக்கமாட்டான்.

பேர் வைக்கத் தெரியவில்லை. எது வைத்தாலும் வீடியோ கேம் பேர் மாதிரி இருக்கிறது.
– ஒரு வாசகி, பாகூர்

இனிஷியலில் தொடங்குங்கள். அது யாருடைய பேர்? அப்பா பேரா, அம்மா பேரா, வளர்த்தவர் பேரா? மாற்றிக்கொண்டாளா, ஏன்? பிறகு, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எழுதுங்கள். மேலே சொன்ன நிழல்விழியை அவள் அம்மா "நிழலு" என்பாள் என்று நினைக்கிறேன். ஊரில் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த பேர் ஒன்று இருந்தால், அந்நிய ஊர்ச் சந்தையில் கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடும் நாள் ஒன்று வரும்.

எல்ஃப், குள்ளர், கோட்டை என்று எல்லாம் வெளியூர்ச் சங்கதியாக இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு நம்ம மண்ணை வைத்தே ஆடிக் காட்ட ஆசை. முடியுமா? அப்படிச் செய்தால் குடும்பப் பின்னணி என்று வரும்போது சாதி வந்துவிடுமே, அதை என்ன செய்வது?
– ஒரு தாய், வில்லியனூர்

தாராளமாக முடியும், மாயத்துக்கும் பஞ்சம் வராது. உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் அரிக்கமேடு. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமாபுரி மது வந்த ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. கண்ணாடியிலும் கல்லிலும் மணி செய்து கோத்த ஊர் அது. அங்கே மணி கோக்கும் ஒரு வீட்டுப் பெண்ணை விஸார்ட், அதாவது மந்திரக்காரி ஆக்குங்கள். அவளுடைய மந்திரப் புத்தகம் ஒரு மணிச்சரம். ஒவ்வொரு மணியும் ஒரு மந்திரம், பாட்டி கோத்தது பாதி, இவள் கோத்தது பாதி. நடுவில் ஒரு மணி உடைந்திருக்கிறது, அதில் என்ன இருந்தது என்று பாட்டி சொல்லவில்லை.

எங்கள் பக்கம் வந்தால் தேவனாம்பட்டினம் செயிண்ட் டேவிட் கோட்டை. 1690-ல் ஆங்கிலக் கம்பெனி அதை மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊர்களெல்லாம் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பேர். உங்கள் கதையில் அதை மந்திரவாதி ஒருவன் எறிந்த நெருப்புக் கோளமாக மாற்றுங்கள். அது விழுந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் அண்ணன் வீடு, அந்தப் பக்கம் தங்கை வீடு. காலையில் எழுந்தால் இரண்டு பேருக்கும் இரண்டு ராஜா.

பின்னணிக்குத் தொழில் வேண்டுமென்றால் துபாஷ் இருக்கிறார், இரண்டு மொழி பேசி இரண்டு பக்கமும் நிற்பவர். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பு நம் கையில் இருக்கிறது. கப்பல் வந்தது, யாருக்கு எத்தனை பீரங்கி முழங்கி மரியாதை செய்தார்கள், யார் வீட்டில் கல்யாணம் என்று ஒரு ஊரே அதற்குள் நடமாடும். பாடிக் கதை சொல்லும் பார்ட் க்ளாஸ் எடுக்கும் யாருக்கும் அதைப் படிக்கச் சொல்வேன். புதுச்சேரிக் குடும்பங்களில் சொல்தாவாகப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போனவர்கள் கதையும் உண்டு. அப்பா பேரில் டிரங்குப் பெட்டி மட்டும் கப்பலில் வந்து இறங்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளை என்றால், சோல்ஜர் என்ற பின்னணிக்கு உடனே முகம் வந்துவிடும்.

சாதியைக் கேட்டீர்கள். நல்ல கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். சாதியைக் கேரக்டரின் பலமாகவோ பலவீனமாகவோ எண்ணில் எழுதவே கூடாது. இன்ன வீட்டில் பிறந்தால் புத்தி 2 கூடும் என்று ஒரு பிள்ளை விளையாட்டில்கூடப் படிக்க வேண்டாம். இந்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 விதியில் எல்ஃப், குள்ளர் என்று எந்த இனத்தில் பிறந்தாயோ அதற்கேற்பக் குணங்கள் கூடும். 2024-ல் வந்த திருத்திய பதிப்பில் அதைப் பிறப்பிலிருந்து எடுத்துப் பின்னணிக்கு மாற்றினார்கள், அதாவது வளர்ப்புக்கும் செய்த வேலைக்கும். ரேஸ் என்ற சொல்லையும் விட்டுவிட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்கு மனசு நிறைந்தது. உங்கள் பிள்ளைகளின் உலகத்தில் அநியாயம் இருக்கலாம், இருக்கட்டும். கிணற்றடியில் யாரை ஒதுக்கி நிறுத்துகிறார்கள் என்று காட்டுங்கள், அதை எதிர்த்துப் பகடை உருட்ட விடுங்கள். ஆனால் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை கூனிக் குறுகும்படி எதுவும் வேண்டாம். ஆட்டம் தொடங்குமுன் எதைத் தொடலாம், எதைத் தொட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுக்கொள்வது எங்கள் மாடியில் கட்டாயம்.

என் கேரக்டரின் பின்கதை 14 பக்கம் வந்துவிட்டது. டன்ஜன் மாஸ்டர் படிக்கவே இல்லை.
– ஒரு வாசகர், நெய்வேலி

ஒரு பக்கம் கொடுங்கள். மீதி 13 பக்கம் உங்களுக்கு வேண்டும், தூக்கிப் போட வேண்டாம். கொடுக்கும் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்கள் மூன்று பேர், அவர்கள் இருக்கும் ஊர், பாக்கியிருக்கும் ஒரு காரியம், இவ்வளவு இருந்தால் அவர் படிப்பார்.

நான் டன்ஜன் மாஸ்டர். குடும்பத்தைக் கதைக்குள் கொண்டுவந்தாலே ஆடுபவர்கள், "கடத்தப் போறீங்களா, கொல்லப் போறீங்களா?" என்கிறார்கள். அதனால்தான் அனாதையாகவே எழுதுகிறார்கள் போல.
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

அதேதான் காரணம். குடும்பத்தைத் தூண்டில் புழுவாக நாலு தடவை பயன்படுத்தினால் ஐந்தாவது தடவை யார் அம்மாவை எழுதுவார்கள்? நான் என் மேசையில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்: ஆடுபவரைக் கேட்காமல் அவர் வீட்டு ஆள் ஒருவரும் சாகமாட்டார். கொடுத்த நாளிலிருந்து அத்தை, பாட்டி, மாமன் மகன் என்று ஷீட் நிரம்பி வழிகிறது.

சாவைவிடச் சின்ன விஷயங்கள் நன்றாக வேலை செய்கின்றன. நான் கடிதம் எழுதுவேன். இன்லண்ட் லெட்டர் மாதிரி தாளை மடித்து, மேலே கேரக்டரின் பேரை எழுதி, ஆட்டம் தொடங்குமுன் ஆள் கையில் கொடுத்துவிடுவேன். வங்கியில் வேலை செய்யும் தம்பி ஒருவர் எங்களிடம் ரோக் ஆடுகிறார், பூட்டு உடைப்பதில் சூரன். அவர் கேரக்டருக்கு அம்மாவிடமிருந்து ஒரு கடிதம். "கிணறு தூர் வாரணும். உன் பங்குக்கு 12 காசு. பெரியப்பா பங்கையும் நாமதான் போடணும்போல இருக்கு. நீ சாப்பிடறியா? உன் கத்தியெல்லாம் துருப்பிடிக்காம வச்சிக்கோ." இவ்வளவுதான். அந்த வாரம் நான் தயார் பண்ணி வைத்திருந்தது ஒரு பேய்க் கப்பல். கப்பலுக்கு யாரும் போகவில்லை. ஆறு பேரும் ஊருக்குப் போய்க் கிணற்றில் இறங்கிச் சேறு அள்ளினார்கள். விஸார்ட் மந்திரத்தால் தண்ணீரை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டது, பூசாரியான கிளரிக் மேலே நின்று வாளி இழுத்தது. அடியில் என்ன இருந்தது என்று என்னைக் கேட்டார்கள். எனக்கே தெரியாது. "ஒரு பூட்டு" என்றேன். அந்தப் பூட்டுக்குப் பின்னால்தான் இரண்டு வருஷமாக ஆடிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு வருஷம் ஆடிய என் பாலடின், சத்தியம் காக்கும் வாள்வீராங்கனை, போன வாரம் செத்துவிட்டாள். பகடை 1 விழுந்தது. அழுதுவிட்டேன், வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. புது ஆளைத் தொடங்க மனசு வரவில்லை. அவளுக்கு ஒரு தங்கை உண்டு என்று முதல் நாளே எழுதியிருந்தேன். அவளை ஆடலாமா, அது அக்காவுக்குத் துரோகமாகுமா?
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

எதற்கு வெட்கம்? இரண்டு வருஷம் வாரா வாரம் அவளாகப் பேசியிருக்கிறாய். எங்கள் மாடியில் ஒருவர் கேரக்டர் போனபோது அன்றைய ஆட்டத்தை நிறுத்தி, டீ போட்டுக் கொடுத்து, ஒவ்வொருவரும் அந்த ஆளைப் பற்றி நினைவுக்கு வந்ததைச் சொன்னோம். உன் மேசையிலும் அதைக் கேள். கேட்டால் செய்வார்கள்.

தங்கையை ஆடுவது துரோகம் இல்லை, பழக்கமான முறைதான். 1985-ல் கிரெக் ஸ்டாஃபர்ட் உருவாக்கிய பென்டிராகன் என்ற ஆட்டம் அப்படியே அமைந்தது. வீரர்கள் கல்யாணம் செய்வார்கள், பிள்ளை பெறுவார்கள். குளிர்காலம் வந்தால் சண்டையை நிறுத்திவிட்டு வீட்டுக் கணக்கைப் பகடை போட்டுப் பார்ப்பார்கள். ஆள் போனால் வாரிசு வந்து அதே மேசையில் உட்காரும். 1977-ல் மார்க் மில்லர் வெளியிட்ட டிராவலர் இன்னும் ஒரு படி மேலே: முன்வாழ்க்கையை உருட்டிக்கொண்டிருக்கும்போதே, ஆட்டம் தொடங்குமுன்னே, ஆள் செத்துப்போகலாம். அப்பேர்ப்பட்ட ஆட்டங்களும் நிலைத்து நிற்கின்றன.

ஒன்று மட்டும் கவனி. அக்காவின் நகலாகத் தங்கையை எழுதிவிடாதே. வாரிசுச் சான்றிதழ் வேலையாக என்னிடம் வருகிறவர்களைப் பார்க்கிறேன். பேர் எழுதும் இடத்தில் பேனா நின்றுவிடும், இறந்தவரின் பேருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று முதல் தடவை எழுதும்போது. தங்கை அந்த இடத்திலிருந்து தொடங்கட்டும். அவளுக்கு அக்கா மேல் ஒரு குறை இருக்கட்டும், வீட்டை என் தலையில் போட்டுவிட்டு நீ மட்டும் வாளை எடுத்துக்கொண்டு போனாயே என்று. க்ளாஸ் வேறாக இருக்கட்டும். பாலடின் வேண்டாம், இயற்கையின் மந்திரம் தெரிந்த ட்ரூயிட் ஆகட்டும், ஊரிலேயே இருந்து மாடு கன்று பார்த்தவள்தானே. பத்து நாள் நடந்து வந்து அக்காவின் குழுவைத் தேடிப் பிடிக்கிறாள். அவர்கள் கொடுப்பது ஒரு கேடயம், ஒரு ஜோடி செருப்பு, படிக்காமல் வைத்திருந்த அம்மாவின் கடிதம் ஒன்று.

கடிதத்தில் என்ன இருக்கிறது என்று உன் டன்ஜன் மாஸ்டரை எழுதச் சொல். நீ முன்கூட்டிக் கேட்காதே. மேசையில் எல்லாரும் இருக்கும்போது, தங்கையின் குரலில், சத்தமாகப் படி.